கைதி டாக்டரின் காலைக் கணக்கு

பாத எரிச்சலுக்கு மாத்திரை கேட்டு யாராவது வராத நாள் என் கடையில் கிடையாது. சேலத்தில் மருந்துக்கடை நடத்தும் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு வயது. “ராத்திரியானா உள்ளங்கால்ல நெருப்பள்ளிக் கொட்டுன மாதிரி இருக்குதுங்க” என்பார்கள். சீட்டைப் பார்த்து பி வைட்டமின் அட்டையை எடுத்துக் கத்தரித்துக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. அந்த எரிச்சலுக்குப் பின்னால் ஒரு போர்க் கதை இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

சொன்னவர் கர்னல் சார். ராணுவ மருத்துவப் படையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டிவிட்டார். ஏற்காட்டில் வீடு. மாதத்துக்கு ஒருமுறை இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்து, தனக்கும் மேலே அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்து மருந்து வாங்கிப் போவார். அவருக்கும் பாத எரிச்சல் உண்டு.

“தம்பி, இந்த எரிச்சல் நோய்க்கு ஒரு பேர் இருக்கு தெரியுமா? அதுல பாதி உங்க ஊர்க்காரர் பேரு” என்றார் ஒருநாள்.

கிரியர்சன்–கோபாலன் நோய். 1826-லேயே கிரியர்சன் என்பவர் இந்த எரிச்சலைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். நூற்றிருபது வருடம் கழித்து, 1946-ல், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு இளம் டாக்டர், இது பி வைட்டமின் கூட்டத்தைச் சேர்ந்த பாண்டோதெனிக் அமிலம் குறைவதால் வருவது, அதைக் கொடுத்தால் குணமாகிறது என்று எழுதினார். அவர்தான் சி. கோபாலன். 1918-ல் சேலத்தில் பிறந்தவர். பிற்பாடு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராக இருந்து, நூறு வயதும் கண்டு, 2019-ல் காலமானார். இத்தனை வருடம் இதே ஊரில் அட்டை அட்டையாக பி வைட்டமின் விற்றிருக்கிறேன், இந்தப் பெயர் என் காதில் விழுந்ததில்லை.

“அவர் அதை எழுதுறதுக்கு மூணு நாலு வருஷம் முன்னாடியே சிங்கப்பூர்ல ஆயிரக்கணக்கான பேருக்கு இந்த எரிச்சல் வந்துடுச்சு. பக்கத்துலயே டாக்டர்களும் இருந்தாங்க. சத்துக் குறைவுதான்னும் அவங்களுக்குத் தெரியும். கையில மருந்துதான் இல்லை. ஏன்னா அவங்களும் கைதிங்க” என்றார்.

சாங்கி முகாமைத்தான் சொன்னார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. அங்கே அடைபட்ட சிப்பாய்களுக்கு சில மாதங்களிலேயே பாதம் எரியத் தொடங்கிவிட்டது. இரவெல்லாம் தூங்காமல் நடப்பார்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஹேப்பி ஃபீட்’. வெள்ளைக்காரனுக்கும் குசும்பு உண்டு. முகாம் டாக்டர்கள் தவிட்டைச் சேர்த்துப் பார்த்தார்கள், ஈஸ்ட் வளர்த்தார்கள், புல்லை அரைத்துச் சாறு இறக்கி அதையும் குடிக்கக் கொடுத்தார்கள்.

இதைக் கேட்ட பிறகு, போரில் பிடிபட்ட ராணுவ டாக்டர்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சந்தேகம் வந்தால் அடுத்த மாதம் கர்னல் சாரைப் பிடித்துக்கொள்வேன். கடையில் கூட்டம் இருந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்காருவார்.

சட்டப்படி பார்த்தால் ராணுவ டாக்டர் போர்க் கைதியே இல்லை. இது எனக்குப் புதுசு. 1864-ல் போட்ட முதல் ஜெனிவா ஒப்பந்தமே, காயம்பட்டவர்களைப் பார்க்கும் டாக்டர்கள் எந்தப் பக்கமும் சேராதவர்கள், எதிரி வந்துவிட்டாலும் வேலையைத் தொடரலாம் அல்லது தங்கள் படைக்குத் திரும்பிப் போகலாம் என்றது. 1929 ஒப்பந்தமும் அவர்களைப் பிடித்து வைக்கக் கூடாது, வழி திறந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும் என்றது. ஆனால் இரண்டாம் உலகப் போரில் எந்த நாடும் அப்படி முழுசாக அனுப்பி வைக்கவில்லை. இத்தனை லட்சம் கைதிகளை அடைத்துவிட்டு அவர்களோடு பிடிபட்ட டாக்டரை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால், கைதிகளை யார் பார்ப்பது? அதனால் 1949 ஒப்பந்தத்தில் நடப்புக்கு ஏற்றபடி மாற்றி எழுதினார்கள். டாக்டரை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம், ஆனால் கைதிகளுக்குத் தேவைப்படும் அளவுக்கு மட்டும். அவர் கைதி இல்லை, கைதிக்கு உரிய பாதுகாப்பு அத்தனையும் அவருக்கும் உண்டு, வைத்தியம் தவிர வேறு வேலை வாங்கக் கூடாது.

கர்னல் சார் இதை மறுபக்கத்திலிருந்து பார்த்தவர். 1971 போரில் 93,000 பாகிஸ்தானியர் நம்மிடம் சரணடைந்தார்கள். கடைசிக் கைதி ஊர் திரும்ப 1974 ஆனது. அப்படி ஒரு முகாமில் இவர் புதுசாகச் சேர்ந்த இளம் டாக்டர். அவர்களோடு பிடிபட்ட அவர்கள் டாக்டரே காலையில் நோயாளிகளைப் பார்ப்பார். இவர் மருந்து எடுத்துக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர்களை அனுப்புவார்.

“அவர் மேஜர், நான் கேப்டன். கைதியா இருந்தாலும் சல்யூட் நான்தான் அடிக்கணும். அவர் லாகூர்ல படிச்சவர், நான் சென்னையில. ரெண்டு பேரும் படிச்சது ஒரே புத்தகம். டைபாய்டா மலேரியாவான்னு சண்டை போட்டுக்குவோம்.”

“யார் ஜெயிப்பாங்க சார்?”

“அனேகமா அவர்தான்.”

ஆனால் 1942-ல் நிலைமை அப்படி இல்லை. 1929-ல் போட்ட போர்க் கைதிகள் ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்துப் போட்டிருந்ததே தவிர, அதை ஏற்று உறுதி செய்யவில்லை. சிங்கப்பூர் விழுவதற்கு முந்தைய நாள் ஜப்பானியச் சிப்பாய்கள் அலெக்சாண்ட்ரா ராணுவ ஆஸ்பத்திரிக்குள் புகுந்தார்கள். அறுவை மேசையில் கிடந்தவர் உட்பட நோயாளிகளையும் டாக்டர்களையும் ஊழியர்களையும் கொன்றார்கள். செஞ்சிலுவைக் குறி யாரையும் காப்பாற்றவில்லை.

இந்தியச் சிப்பாய்களின் கதை இரண்டு நாளில் தனியாகப் பிரிகிறது. பிப்ரவரி 17 அன்று 40,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களை ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டி, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். ஜப்பானியர் தங்களிடம் பிடிபட்டிருந்த இந்தியக் கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவம் அங்கேதான் முளைத்தது. சேர்வதா வேண்டாமா என்ற கேள்வி சிப்பாய்க்கு மட்டுமில்லை, டாக்டருக்கும் வந்தது.

நம் பக்கத்து மனிதர் ஒருவர் அந்தக் கேள்விக்கு எதிரே நின்றார். ஆற்காடு துரைசாமி லோகநாதன், 1888-ல் பிறந்தவர், இந்திய மருத்துவப் பணியில் லெப்டினன்ட் கர்னல். பிடிபடும்போது ஐம்பதைத் தாண்டிய வயது. அவர் சேர்ந்தார். சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் அரசில் அமைச்சரானார், 1944 பிப்ரவரியில் அந்தமானுக்குத் தலைமை ஆணையராகப் போனார். பதவிதான் பெரிசு, அதிகாரம் ஜப்பானியரிடமே இருந்தது. போலீஸ் துறை அவர் கைக்கு வரவே இல்லை. அவர் போய் இறங்குவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அதே போர்ட் பிளேரில் இன்னொரு டாக்டர், முன்னாள் ராணுவ மருத்துவர் திவான் சிங், ஒற்றர் என்ற சந்தேகத்தில் செல்லுலார் சிறையில் ஜப்பானியரின் சித்திரவதையில் செத்துப்போனார். ஒரே தீவு, ஒரே மாதிரி படிப்பு. ஒருவர் சிறையில் சாகிறார், ஒருவர் ஆணையராக வருகிறார். 1945 ஏப்ரலில் போஸ் ரங்கூனை விட்டுக் கிளம்பியபோது, நகரத்தில் கொள்ளை, கலவரம் வராமல் பார்த்துக்கொள்ள ஆறாயிரம் பேர் அளவுக்கு ஒரு படையை லோகநாதன் பொறுப்பில் விட்டுப் போனார். மே மாதம் பிரிட்டிஷ் படை உள்ளே வந்தது. லோகநாதன் மறுபடியும் கைதி, இந்தத் தடவை பழைய முதலாளியிடம். அதே இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த இன்னொரு டாக்டர், கேப்டன் லட்சுமியையும் அப்போதுதான் பர்மாவில் பிடித்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-ல் பட்டம் வாங்கிவிட்டு சிங்கப்பூர் போய், ஏழைத் தமிழ்த் தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். 1946 மார்ச்சில்தான் ஊர் திரும்பினார்.

சேராதவர்களையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பிரேந்திரநாத் மஜும்தார் என்ற வங்காள டாக்டர், பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் படையில் இருந்தவர், 1940-ல் பிரான்ஸில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். ஜெர்மனியின் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையில் இருந்த ஒரே இந்தியர். போஸே அழைத்துப் பேசியும், அரசருக்குச் சத்தியம் செய்துவிட்டேன் என்று மறுத்துவிட்டார். இத்தனைக்கும் சுதந்திரம் வேண்டும் என்று நினைத்தவர்தான். கூட இருந்த வெள்ளைக்காரக் கைதிகளோ இவரை உளவாளி என்று சந்தேகப்பட்டார்கள். உண்ணாவிரதம் இருந்து இந்தியர் முகாமுக்கு மாற்றல் வாங்கி, அங்கிருந்து தப்பி, நடந்தே சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார். உண்ணாவிரதம் எங்கே கற்ற ஆயுதம் என்று சொல்லத் தேவையில்லை. லோகநாதன் செய்தது சரியா, மஜும்தார் செய்தது சரியா என்று கர்னல் சாரிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். எனக்கு இரண்டு பேர் மேலும் மரியாதைதான்.

சரி, ரயிலுக்கு வருவோம். படிக்கப் படிக்க என்னை இழுத்துப் போட்டது, கைதிகளை வைத்து ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைதான். சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பேர்.

தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். 60,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் வேலை செய்தார்கள். பிரிட்டிஷ்காரர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், கொஞ்சம் அமெரிக்கர். 12,000-க்கும் மேல் செத்துப்போனார்கள். அவர்களோடு பிடிபட்ட டாக்டர்களும் அதே முகாம்களில் இருந்தார்கள்.

அந்த டாக்டர்கள் என்றதும் எல்லாரும் சொல்வது அறுவை சிகிச்சைக் கதைகளைத்தான். சொல்லத்தக்க கதைகள்தான். மூங்கில் கீறிய சின்னக் காயம் சில நாளில் அழுகி, முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரியும் அளவுக்குப் புண்ணாகும். ஸ்பூனைத் தீட்டிக் கூர்மையாக்கி, மயக்க மருந்து இல்லாமல், அழுகிய சதையைச் சுரண்டி எடுப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் காலை எடுக்க வேண்டும். பர்மாப் பக்கத்து 55-ஆம் கிலோமீட்டர் முகாமில் ஆல்பர்ட் கோட்ஸ் என்ற ஆஸ்திரேலிய சர்ஜன் 120 கால்களை எடுத்தார். கையில் இருந்தது கத்தி, ரம்பம், சுரண்டி. கைதியாக இருந்த டச்சு வேதியியலாளர் ஒருவர் கொக்கெய்னைக் கரைத்து முதுகுத்தண்டில் போடத்தக்க மரப்பு மருந்து தயாரித்துக் கொடுத்தார். காலையில் 70, 80 புண்களைச் சுரண்டுவதும் பிற்பகலில் ஒன்பது, பத்துக் கால்களை எடுப்பதும் தனக்கு அன்றாட வேலையாக இருந்தது என்று பிறகு டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் கோட்ஸ் சாட்சி சொன்னார். சுங்காய் முகாமில் கனடாக்காரர் மார்க்கோவிட்ஸ் ரத்தம் ஏற்றினார். உறையாமல் வைக்க மருந்து கிடையாது. எடுத்த ரத்தத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தால் உறையும் நார் கரண்டியில் சுற்றிக்கொள்ளும். மிச்சத்தைத் துணியில் வடிகட்டி இன்னொருவர் உடம்பில் ஏற்றிவிடுவார்கள். மோர் கடைவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். காலரா வந்த முகாம்களில் ஜப்பானிய லாரியிலிருந்து கழற்றிய குழாயை வைத்துத் தண்ணீரை வடித்து, சமையல் உப்பைப் போட்டு, மூங்கிலைச் சீவி ஊசியாக்கி சலைன் ஏற்றினார்கள்.

எனக்குப் பெரிசாகப் படுவது வேறு. காலைக் கணக்கு.

விடிவதற்கு முன்பே, மழையில், வரிசை நிற்கும். ஜப்பானிய ரயில் பொறியாளன் ஒரு எண்ணிக்கை சொல்வான். முந்நூறு பேர் வேண்டும் என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகாமில் ஒழுங்காக நிற்கக் கூடியவர்கள் இருநூற்றிருபது. மீதி எண்பது பேரை நோயாளிகளிலிருந்து எடுக்க வேண்டும். யாரை எடுப்பது என்று டாக்டர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காவலாளி மூங்கில் தடியோடு குடிசைக்குள் புகுந்து கையில் கிடைத்தவனை இழுத்துப் போவான். அவனுக்கு எந்தப் புண் எலும்பைத் தொட்டிருக்கிறது, எவனுக்கு நெஞ்சு வீங்கியிருக்கிறது என்றெல்லாம் தெரியாது. டாக்டருக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை.

இதைக் கர்னல் சார் ஒரு டாக்டராக யோசித்துச் சொன்னார். “மலேரியா முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். இன்னைக்குக் காய்ச்சல் இல்லாதவனை அனுப்பலாம், நாளைக்கு அவனை நிறுத்திக்கலாம். வயித்துப்போக்குக்காரனை நிழல்ல உக்காந்து செய்யுற வேலைக்குக் கேட்டுப் பாக்கலாம். பெரிபெரி வந்து கால் வீங்கினவன் பாக்க நல்லாத்தான் இருப்பான், ஆனா மண்ணு சுமந்தான்னா இதயம் நின்னுடும். அவனை மட்டும் விடக் கூடாது. இப்படி நானூறு பேரை மனசுல வச்சுக்கணும், தம்பி. தினமும்.”

நானூறு என்பது அவர் வாய்க்கு வந்த எண்தான். ஆனால் கணக்கு புரிந்துவிட்டது.

எட்வர்ட் டன்லப் என்ற ஆஸ்திரேலிய சர்ஜன் இதில்தான் பேர் எடுத்தார். ஆறடி நாலு அங்குல உயரம். 1942 மார்ச்சில் ஜாவாவின் பாண்டுங்கில், நடத்திக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியோடு பிடிபட்டார். அங்கே கண் இரண்டும் கை இரண்டும் போன பில் கிரிஃபித்ஸ் என்ற சிப்பாயைத் துப்பாக்கி முனை ஈட்டியால் குத்திவிடலாம் என்று ஜப்பானியர் நெருங்கியபோது, டன்லப் நடுவில் போய் நின்றார். கிரிஃபித்ஸ் பிழைத்து, முதுமை வரைக்கும் வாழ்ந்தார். ரயில் பாதையில் கோன்யூ, ஹின்டோக் முகாம்களில் அந்த உயரமான மனிதர் காலை வரிசையில் நின்று ஒவ்வொரு நோயாளிக்காகவும் வாதாடினார், அதற்காக அடி வாங்கினார். நிற்க முடியாதவர்களைத் தூக்கி வந்து வரிசையிலேயே கிடத்தி, கண்ணால் பாரு என்று காட்டிய டாக்டர்களும் உண்டு. பத்துப் பேரைக் கேட்டால் இரண்டு பேர் மிஞ்சலாம். அந்த இரண்டு பேருக்குத்தான் அன்றைக்கு முழுசும் நின்றது.

இவர்களுக்கு மருந்து வந்த வழியைப் படித்தபோது, தொழில்காரன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. காஞ்சனபுரியில் பூன்பாங் என்று ஒரு கடைக்காரர். முகாம்களுக்குக் காய்கறி, முட்டை கொண்டுபோகும் ஒப்பந்தம் அவரிடம் இருந்தது. ஆற்றில் படகில் போகும் சரக்குக்கு அடியில் மருந்தும் பணமும் ஒளித்து அனுப்பினார். கைதிகளின் கைச்சீட்டை நம்பிக் கடன் கொடுத்தார். ஜப்பானியர் கண்டுபிடித்திருந்தால் குடும்பத்தோடு தொலைந்திருப்பார். தாய்லாந்து சர்ஜன்கள் ஆஸ்திரேலியா போய்ப் பயிற்சி பெற பிறகு ஒரு உதவித்தொகை ஏற்படுத்தி, அதற்கு டன்லப் பெயரையும் பூன்பாங் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். சர்ஜனுக்குப் பக்கத்தில் கடைக்காரன் பெயர். இதை என் கடைப் பையனிடம் சொன்னேன், “அப்ப நாமளும் கடன் கொடுக்கலாமாண்ணா” என்றான்.

இன்னொரு கொடுமை. அந்தக் காலத்தில் உலகத்துக் குயினைனில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்து வந்தது. ஜாவா முழுசும் ஜப்பான் கையில். அதே ஜப்பானின் கைதிகள் குயினைன் போதாமல் மலேரியாவில் விழுந்துகொண்டிருந்தார்கள்.

சோற்றுக் கதை அதைவிட நமக்கு நெருக்கம். கைதிகளுக்குக் கிடைத்தது நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி, அதுவும் புழுத்தது. தீட்டும்போது தவிட்டோடு தயமின் என்ற பி1 போய்விடுகிறது. அது குறைந்தால் பெரிபெரி. ஒரு வகையில் கால் வீங்கி நெஞ்சு வரை நீர் ஏறும், இன்னொரு வகையில் நரம்பு செத்துக் கால் மரத்துவிடும். இதற்கு மாற்று மலேயாவில் எப்போதோ கண்டுபிடித்த விஷயம். அங்கே சுரங்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளிகளுக்குப் பெரிபெரி கொத்துக் கொத்தாக வந்தது, தோட்டத்துத் தமிழர்களுக்கு அபூர்வம். டாக்டர் பிராடன் இதைக் கவனித்து அரிசியில்தான் விஷயம் என்றார். 1905 வாக்கில் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் என்ற டாக்டர் பாதிப் பேருக்குத் தீட்டிய பச்சரிசியும் பாதிப் பேருக்கு இந்தியப் புழுங்கலரிசியும் போட்டுப் பார்த்தார். பச்சரிசிப் பக்கத்தில் நோய் வந்து ஆள் செத்தார்கள், புழுங்கல் பக்கத்தில் அநேகமாக இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அப்புறம் தீட்டினாலும் முழுசாகப் போவதில்லை. நம் வீடுகளில் நெல் அவித்த பெண்களுக்குத் தயமின் தெரியாது. ஆனால் அந்த அண்டா பல உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

போர் முற்றியதும் மலேயாவில் அரிசியே இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் சோறு. கிழங்கில் மாவுதான் இருக்கிறது, புரதமும் தயமினும் சொற்பம். அங்கே கிழங்கைத் தின்று ஊர் வீங்கிய அதே 1943-ல், மலேயாப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனதால், இங்கே சேலத்தில் மாணிக்கம் செட்டியார் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து மரவள்ளியில் ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார். நம் ஊர் சேகோ ஆலைகள் எல்லாம் அந்தப் போரின் பிள்ளைகள்தான். கிழங்கு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஆத்தூர் ரோட்டில் ஊர்ந்து போகும்போது இது எனக்கு ஞாபகம் வரும், எரிச்சல் கொஞ்சம் தணியும்.

ஆத்தூர் பக்கம்தான் எங்கள் பூர்வீகம். எங்கள் அப்பாயியின் (அப்பாவைப் பெற்றவர்) அண்ணன் கங்காணியோடு மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். அந்தக் காலத்தில் சேலம் ஜில்லாவிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் நிறைய. 1938-ல் அரசு அதைத் தடை செய்வதற்கு முன்பே போய்விட்டார். போரில் தோட்ட வேலை நின்றது. ஜப்பான்காரன் சயாமுக்கு ஆள் பிடித்தபோது இவரும் மாட்டினார். ரயில் பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளிகள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், மலேயாத் தமிழர். செத்தவர்கள் எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை என்று கணக்குகள் வேறுபடும். கைதிகளில் ஐந்தில் ஒருவர் என்றால், இங்கே பாதிக்குப் பக்கம்.

ஏன் இந்த வித்தியாசம்? சோறு ஒன்றுதான், மழை ஒன்றுதான், அடியும் ஒன்றுதான். டாக்டர் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். டாக்டர்கள் கூடவே போன ‘எஃப்’ படைப்பிரிவில் 7,000 கைதிகளில் 3,000-க்கும் மேல் செத்தார்கள். ஆனாலும் கைதிகளிடம் ஒரு படை ஒழுங்கு இருந்தது, அதிகாரி இருந்தார், காலை வரிசையில் ‘இவன் வர மாட்டான்’ என்று எதிர்த்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தார். தோட்டத்திலிருந்து பெண்டு பிள்ளையோடு வந்தவனுக்கு அப்படி யாரும் இல்லை. கூட்டி வந்த கிராணியும் (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) கங்காணியும் ஜப்பான்காரனுக்குப் பதில் சொல்பவர்கள்.

1943 நடுவில் ஜப்பானியர்களே பயந்துபோய், சாங்கியிலிருந்து கைதி டாக்டர்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். முதலில் வந்த ‘கே’ பிரிவில் டாக்டர்கள் முப்பது பேர், உதவியாளர்கள் இருநூறு பேர். அடுத்து ‘எல்’ பிரிவு. இரண்டு லட்சம் பேருக்கு இது எந்த மூலைக்கு?

அப்பாயியின் அண்ணன் இருந்த இடத்துக்கும் அப்படி ஒரு வெள்ளைக்காரர் வந்திருக்கிறார். அப்பாயி சொல்வார்: “டாக்டரு வந்துட்டாருன்னு எல்லாரும் சந்தோசப்பட்டாங்களாம். வந்தவரு மாத்திரை ஒண்ணும் தரலையாம். மம்பட்டியக் குடுத்து, கக்கூசுக்குக் குழி வெட்டு, ஆழமா வெட்டு, ஈ வராம மூடு, தண்ணியக் கொதிக்க வச்சுக் குடி, தட்டை வெந்நீர்ல முக்குன்னு அதையே சொன்னாராம். சாகக் கெடக்கிறவங்கிட்ட மம்பட்டியக் குடுக்கிறான் பாருன்னு எங்கண்ணன் வாயில வந்தபடி வஞ்சாராம்.” காலராவுக்கு அந்தக் குழியும் கொதித்த தண்ணீரும்தான் அங்கே இருந்த ஒரே மருந்து. திட்டியவர் பிழைத்தார். போர் முடிந்து கப்பல் ஏறி ஊர் வந்த பிறகு, வாய்க்காலில் அள்ளிக் குடிக்கும் பிள்ளைகளைத் துரத்தித் துரத்தி அடிப்பாராம். மலேயாவில் மூளை குழம்பிவிட்டது என்று ஊரில் பேச்சு. முழங்காலுக்குக் கீழே ஒரு குழி இருந்ததாம். அதில் அப்பாயியின் கட்டைவிரல் உள்ளே போகுமாம்.

காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள், ஒழுங்காகப் புல் வெட்டி, வெண்கலத் தகட்டில் பேர் பொறித்து. அவ்வளவு பேரும் படைவீரர்கள். தமிழர்களுக்கு என்று அந்த ஊரில் ஒரு நடுகல் வைத்தது சில ஆண்டுகளுக்கு முன்புதான், அதுவும் மலேசியத் தமிழர்கள் முயற்சியில். கோட்ஸ் டோக்கியோவில் சாட்சி சொல்ல முடிந்தது, டன்லப் ஒளித்து ஒளித்து எழுதிய நாட்குறிப்பு மிஞ்சியது. யார் எந்த நோயில் எந்தத் தேதியில் போனார்கள் என்று கைதி டாக்டர்கள் எழுதி வைத்துக்கொண்டே இருந்தார்கள். தொழிலாளிக்கு அப்படி எழுத ஆள் இல்லை. அவன் செத்த பிறகும் டாக்டர் இல்லாத குறை தொடர்கிறது.

காலைக் கணக்கைப் பற்றி எனக்கும் கர்னல் சாருக்கும் இன்னும் சண்டை ஓயவில்லை. டாக்டர் பட்டியல் போட்டுக் கொடுத்ததே தப்பு என்பது அவர் கட்சி. “நீ கைகாட்டி அனுப்பினவன் சாயங்காலம் பொணமா வந்தான்னா, அனுப்பினது யாரு? நீதானே? ஒருத்தனையும் தர மாட்டேன்னு நின்னுடணும். அடிச்சா அடிக்கட்டும்” என்கிறார். அடிபட்டு டாக்டர் படுத்துவிட்டால் மறுநாள் வாதாட யார் இருக்கிறார்கள், தடி எடுத்தவன் தேர்ந்தெடுத்தால் வீங்கின காலோடு இருப்பவன்தானே முதலில் போவான் என்பது என் கட்சி. நான் மருந்துக்கடைக்காரன், அவர் முப்பது வருடம் சீருடை போட்டவர். இருந்தாலும் இதில் அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

போன மாதம் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்துவிட்டார். 1949 ஒப்பந்தத்தின் 55-ஆவது பிரிவு. கைதி வேலைக்குத் தகுதியாக இருக்கிறானா என்று மாதம் ஒரு தடவையாவது வைத்தியச் சோதனை நடத்த வேண்டும், தன்னால் முடியாது என்று நினைப்பவன் முகாம் டாக்டரிடம் போகலாம், அவனுக்கு விலக்கு கொடுக்கச் சொல்லி டாக்டர் பரிந்துரைக்கலாம்.

“பாத்தியா, டன்லப் வாங்கின அடியெல்லாம் சட்டமா வந்துடுச்சு” என்றார்.

“பரிந்துரைதானே சார். முடிவு இன்னும் பிடிச்சு வச்சிருக்கவன் கையிலதானே இருக்கு?”

“அதைத்தான் நான் அப்பவே சொல்றேன். பட்டியல் போட்டா அவன் உன்னையும் கூட்டாளி ஆக்கிடுவான்.”

“போடலன்னா, சார்?”

பின்னால் வரிசையில் நின்ற அம்மா, “ஏங்க, அந்தச் சண்டையை அப்புறம் போட்டுக்கங்க, எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று சீட்டை நீட்டினார்.